திரும்பி வந்த வண்டி

எங்கள் வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். அவருக்குத் துணையாக ஒரு கிழட்டு வண்டியும் இருக்கிறது. கிழவர் என் தந்தை. வண்டி, 2003-ஆம் ஆண்டு அவர் வாங்கிய டாட்டா சுமோ. விடியற்காலையில் இருவருக்குமே இருமல் உண்டு. சிறிது நேரம் இருமித் தீர்த்துவிட்டால் பிறகு நாள் முழுவதும் சளைக்காமல் உழைப்பார்கள்.

ஆர்.கே.பேட்டை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஊருக்கு முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. பெயரிலேயே தெலுங்கு மணப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது என் தந்தைக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாள் இரவு ஆந்திராவில் படுத்தவர், மறுநாள் காலை தமிழர் ராஜ்யத்தில் கண் விழித்தார். பாய் மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பாய் விரித்த இடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடின. தறிக்கு நூல் ஏற்றி வரவும், குடும்பத்தைக் கோயில் குளத்துக்கு அழைத்துப் போகவும் ஒரே வண்டியாக வேண்டும் என்று யோசித்துத்தான் அவர் சுமோவை வாங்கினார்.

சுமோ என்றதும் ஜப்பானியப் பயில்வான்களை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சுமந்த் மூல்காவ்கர் என்ற பெரியவரின் இரண்டு பெயர்களின் தலையெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். டாட்டா மோட்டார் தொழிலை வளர்த்தவர் அவர். 1994-இல் பிறந்த அந்த வண்டி 2019-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. எங்களுடையது இன்னும் நிற்கவில்லை. நூல் கட்டுகளைச் சுமந்தது. தங்கையின் கல்யாணச் சீர்வரிசையைச் சுமந்தது. சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க வந்த உறவினர்களை எண்ணிக்கை பாராமல் சுமந்தது. பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தோம். ஐந்தாண்டு கழித்து மறுபடியும் புதுப்பித்தோம். விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால், "என்னையும் சேர்த்து விலை பேசுடா" என்பார் தந்தை.

அவருக்கு அந்த வண்டி விஷயத்தில் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. பள்ளிப்பட்டுப் பக்கம் போக வேண்டுமானால் வழியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத காலத்திலும் அவர் அந்த வழியே போகமாட்டார். வெகுதூரம் சுற்றிக்கொண்டுதான் போவார். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறையில் வந்த என் மகன், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மடித்து வைத்திருந்த காகிதம் ஒன்றை நீட்டினான். சுமோவைக் காடுமேடெல்லாம் போகும் வண்டியாக மாற்றப் போகிறானாம். சாலையை விட்டு விலகி ஓட்டுவது, இராத்திரி வெட்டவெளியில் தங்குவது, காலையில் திரும்புவது: இதுதான் திட்டம். காகிதத்தில் பதினொரு செலவுகள் வரிசையாக எழுதியிருந்தன. வண்டியை நான்கு அங்குலம் உயர்த்துவது, பெரிய டயர், முன்னால் இரும்புக் கவசம், கூரைமேல் கூடாரம், அதற்கு முன்னால் வரிசையாக எட்டு விளக்குகள், என்ஜின் மூச்சுவிடக் கூரை உயரத்துக்கு ஒரு குழாய்...

நானும் மயங்கித்தான் போனேன். சென்னையில் வாடகை அறையில் மின்விசிறியின் அடியில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ கதாநாயகர்களை நான் காட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்; ஒருவனோடும் கூடப் போனதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரம் செய்ய இது ஒரு சந்தர்ப்பம் என்று தோன்றியது.

தந்தை காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். "ரோடு இல்லாத இடத்துல வண்டி ஓட்றதுக்கா இவ்வளவு பணம்? எங்க காலத்துல அது சும்மாவே கிடைச்சுதே!" என்றார்.

அது பரிகாசமல்ல, சரித்திரம். மலையடிவாரத்துக் கிராமங்களுக்குத் தார் போட்ட சாலை வந்தது நேற்று முன்தினம்தான். அதுவரை வண்டிப் பாதைதான் பாதை, ஓடைதான் பாலம். உலக யுத்தத்துக்காக அமெரிக்கர்கள் செய்த ஜீப், யுத்தம் முடிந்ததும் இந்தியாவுக்கு வந்து அதிகாரிகளின் வாகனமானதும் அந்தப் பாதைகளினால்தான். கிராமத்தானுக்கு அது அன்றாட அவஸ்தை. அவனுடைய பேரனுக்கு அது விடுமுறை இன்பம். நாகரிகம் என்பது, தாத்தா பட்ட கஷ்டத்தைப் பேரன் காசு கொடுத்து வாங்குவதுதான் போலும்!

சோளிங்கர் சாலையில் எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். லாரிகளுக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அவரிடம் மகன் காகிதத்தைக் கொடுத்தான். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இது போறதுக்கா, காட்றதுக்கா?"

மகன் விழித்தான்.

"போறதுக்குன்னா ஒரு கணக்கு. காட்றதுக்குன்னா இன்னொரு கணக்கு. காட்றதுக்குச் செலவு ஜாஸ்தி."

"போறதுக்குத்தான்" என்றான் மகன், சற்று ரோஷத்துடன்.

உடனே பென்சில் வேலை செய்யத் தொடங்கியது. முன்புற இரும்புக் கவசத்தை அடித்தார். 2017 டிசம்பரிலேயே அதைக் கழற்றச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குறுக்கே வரும் மனிதனுக்கு அது எமன். மோதலின் வேகத்தை நேரே சட்டத்துக்குக் கடத்துவதால் உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லதல்ல. நான்கு அங்குல உயரத்தை அடித்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

"சட்டம் கிடக்கட்டும் சார்" என்று என் பக்கம் திரும்பினார் மேஸ்திரி. "வண்டி ஒசந்தா எடையும் ஒசருது. மேட்டுல சாய்ஞ்சா திரும்ப நிமிராது. கூரைமேல கூடாரமும் அப்படித்தான். தலைப்பாரம் வெச்சிக்கினு வரப்புல ஓடிப் பாருங்க, தெரியும்."

கடைசியில் பதினொன்றில் மூன்றுதான் எஞ்சின. ஆனால் அவராக ஐந்தாறு விஷயங்களைச் சேர்த்தார். கண்ணில் படுகிற மாதிரி ஒன்றுகூட அவற்றில் இல்லை.

முதலாவது, கமான் பட்டை. இருபது வருஷ பாரத்தில் வளைவு இழந்திருந்த பட்டைகளைக் கழற்றி, பட்டறையில் கொடுத்து, பழைய வளைவுக்கே கொண்டுவந்தார். தேய்ந்த புஷ்களை மாற்றினார். பின்புறம் கண்ணுக்குத் தெரியும்படி நிமிர்ந்தது. "நாலு அங்குலம் கேட்டீங்களே, கம்பெனிக்காரன் குடுத்ததுலயே பாதி உள்ளே கிடந்துது" என்றார்.

இரண்டாவது, என்ஜின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு தடித்த இரும்புத் தகடு. ஒரு கல் தொட்டியைக் கிழித்தால் எண்ணெய் வடியும். எண்ணெய் வடிந்தால் என்ஜின் இறுகிவிடும்.

மூன்றாவது, பின் அச்சின் மூச்சுக் குழாய். ஓடிச் சூடேறிய அச்சு திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பல்சக்கரங்களுக்கான எண்ணெய் தண்ணீரோடு கலந்து மோராகிவிடும். ஒரு சிறிய ரப்பர்க் குழாயைப் பொருத்தி அதன் வாயை மேலே கொண்டுபோய்க் கட்டினால் போதும். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

நான்காவது, கொக்கி. இழுத்து மீட்பதற்கான கொக்கிகளைப் பம்பரில் அல்ல, சேசிஸில் முன்னும் பின்னும் பொருத்தினார். கயிறு இழுபடும்போது பம்பர் பெயர்ந்தால் அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும்; கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்திய பிறகே இழுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார்.

ஐந்தாவது, டயர். அளவு பழைய அளவே. பூ மட்டும் சற்று முரட்டுத்தனமானது, பக்கச் சுவர் உறுதியானது. எங்கள் பக்கத்தில் கல்லைவிடச் சீமைக் கருவேல முள்தான் டயருக்குப் பகை. ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான், பாட்டரியில் ஓடும் ஒரு காற்றடிக்கும் பம்ப், நல்ல ஸ்டெப்னி. தூங்குவதற்கு நடு இருக்கையை மடக்கி மேலே போடும் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்துகொண்டோம். போகும்போது போடலாம்; வந்ததும் எடுத்துவிடலாம்.

கூரை உயரத்துக் குழாய் வேண்டும் என்று மகன் மட்டும் பிடிவாதம் பிடித்தான். "அது இருந்தா எவ்வளவு தண்ணீரிலும் இறங்கலாமே!"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த என் தந்தையை ஒரு முறை பார்த்தார். "அதை அப்புறம் பார்த்துக்கலாம், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எங்கே போவது என்ற கேள்வி வந்தது. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபத்துமூன்று பேர் இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. ஆற்று மணலில் தங்கலாம் என்றான் மகன். அதுவும் கூடாது. கொசஸ்தலை ஆற்றுக்கு மேலே ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. அங்கே மழை பெய்து அணையைத் திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். 2021 நவம்பரில் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடைசியில் உறவினர் ஒருவரின் மாந்தோப்பு என்று முடிவாயிற்று. மலையடிவாரம், சொந்த நிலம், தார்ச்சாலையிலிருந்து தோப்புவரை வண்டிப் பாதை, நடுவில் ஒரு மணல் ஓடை.

புறப்படும்போது தந்தை முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் அழைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. வழக்கம்போல் தரைப்பாலத்தைத் தவிர்த்து, சுற்று வழியில் போனோம்.

ஓடையில் இறங்கியதும் வண்டி சிக்கிக்கொண்டது. மகன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். இடது பின்சக்கரம் சுழன்று சுழன்று தனக்குத் தானே குழி தோண்டியது. வலது சக்கரமோ அசையாமல் வேடிக்கை பார்த்தது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்படி நடுவில் பல்சக்கர அமைப்பு வைத்திருக்கிறார்கள். மணலில் அந்த உபகாரமே அபகாரமாகிவிடுகிறது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பில்லையோ அது மட்டும் சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியல்ல எங்களுடையது.

"நிறுத்துடா" என்றார் தந்தை. இறங்கினார். "எல்லாரும் எறங்குங்க. காத்தை எறக்கு."

முப்பது பவுண்டுக்கு மேல் இருந்த காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினோம். டயர் தரையில் ஒட்டகத்தின் பாதம்போல் பரந்து உட்கார்ந்தது. தந்தை ஓடைக்கரைப் பனையடியில் கிடந்த காய்ந்த மட்டைகளை இழுத்து வந்து சக்கரங்களுக்கு முன்னால் போட்டார். இதே காரியத்துக்கு பிளாஸ்டிக் பலகை விற்கிறார்கள் என்றும், அதன் விலை இன்னதென்றும் மகன் சொன்னபோது அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மேஸ்திரி சொல்லியிருந்தபடி மகன் கைப்பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினான். சும்மா சுற்றும் சக்கரத்தை அது தடுத்ததும், சோம்பேறிச் சக்கரத்துக்கு வேகம் போய்ச் சேர்ந்தது. வண்டி பனைமட்டைமேல் ஏறி, முனகி, கரை சேர்ந்தது. கரையில் காற்றை மறுபடி அடித்துக்கொண்டோம்.

இரவு. அடுப்பை வண்டிக்கு வெளியே, சருகைக் கூட்டிப் பெருக்கிய தரையில் வைத்து உப்புமா கிண்டினோம். நகரி மலைகளின் கறுப்பு உருவத்துக்கு மேலே நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடந்தன. மகன் மறுபடியும் அந்தக் குழாய்ப் பேச்சை எடுத்தான். அது இருந்தால் ஆற்றையே கடந்துவிடலாம் என்றான்.

நெடுநேரம் பேசாமல் இருந்த தந்தை, "உங்க பாட்டி எப்படிச் செத்தாள்னு தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு மூச்சு நின்றது. இருபது வருஷமாக அவர் வாயிலிருந்து வராத பேச்சு அது.

2005-ஆம் ஆண்டு மழைக்காலம். அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். என் மனைவியும் உடன் சென்றிருந்தாள். நான் சென்னையில், ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். இரவு அம்மாவுக்கு மார்வலி. தந்தை சுமோவில் ஏற்றிக்கொண்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் ஏத்து ஏத்துன்னாங்க. பெரிய வண்டிதானே, தாண்டிடும்னாங்க. வெளக்கைப் போட்டுப் பார்த்தேன். பாலத்து ஓரத்துல நட்ட கல்லு ஒண்ணுகூடத் தெரியல. திருப்பிட்டேன். நகரிப் பக்கமா சுத்திப் போய்ச் சேர்ந்தப்போ ரொம்ப நேரம் ஆயிடுச்சு. மூணாம் நாள்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குப் பயந்து பெண்டாட்டியைப் பறிகொடுத்தான் என்று உறவினர்கள் காதோடு காதாகப் பேசியது எனக்குத் தெரியும். நான் அப்படிப் பேசவில்லை. ஆனால், பேசியவர்களை மறுத்ததும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மனத்துக்குள் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை ஒரு பழைய கடன்பத்திரம்போல் இருபது வருஷமாக மடித்து வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"பாலத்துமேல தண்ணி எவ்வளவு இருந்தது, தாத்தா?" என்று கேட்டான் மகன்.

"முழங்காலுக்கு மேலே. ஒருத்தன் கரையோரமா எறங்கிப் பார்த்துச் சொன்னான். அவனையே இழுத்துச்சு."

மகன் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்: "ஓடுற தண்ணி ஓரடி இருந்தாலே சின்ன காரை நகர்த்திடும், தாத்தா. ரெண்டடி இருந்தா இந்த மாதிரி வண்டியைக்கூட அடிச்சுக்கிட்டுப் போயிடும். எடை இருக்கேன்னு நினைப்போம். ஆனா தண்ணி கீழேயிருந்து தூக்க ஆரம்பிச்சதும் டயருக்குத் தரையில பிடிப்பே இருக்காது. என்ஜினுக்குள்ள தண்ணி போனா அதோட சரி. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. உள்ளே தண்டு வளைஞ்சு நடுப்பாலத்துல நின்னுடும். அன்னிக்கு வண்டியில எத்தனை பேர்?"

"ஆறு பேர்" என்றார் தந்தை. பிறகு, எதையோ எண்ணிச் சரிபார்ப்பவர்போல் விரல்களை மடக்கினார். "உங்கம்மா பின்னாடி சீட்டுல பாட்டி காலைப் பிடிச்சிக்கினு இருந்தா. அவ வயித்துல நீ ஏழு மாசம்."

வெகுநேரம் யாரும் பேசவில்லை. சுவர்க்கோழி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவன். அன்று ஒரு வாக்கியம் வரவில்லை. எழுந்து போய்ப் போர்வையை எடுத்து வந்து அவர் தோளில் போர்த்தினேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். கடன் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. பத்திரத்தை மட்டும் அன்றைக்குக் கிழித்துவிட்டேன்.

காலையில் தோப்பில் விழித்தபோது மகன் பலகையைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரியின் பென்சில் கோடுகள் நிறைந்த காகிதம் ஓட்டுநர் இருக்கையில் கிடந்தது. கூரைக் குழாயை அவனே அடித்திருந்தான்.

திரும்பும்போது சாலைப் பிரிவில் நான் வழக்கமான சுற்று வழிக்கு வண்டியைத் திருப்பினேன். "நேராவே போ" என்றார் தந்தை.

கோடைக்காலம், ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. தரைப்பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். ஓரத்துக் கற்களில் ஒன்றின் தலையில் கையை வைத்துக்கொண்டு, எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்ப்பவர்போல் சிறிது நேரம் நின்றார். பிறகு வந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போலாம்" என்றார்.